முன்வரிசையில் காதைப் பொத்தியவர்கள்

அன்புள்ள அருளுக்கு,

சனிக்கிழமை நீ விழுப்புரம் வர வேண்டாம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கடிதத்தைப் பாதி படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உனக்கு உண்டு. எலெக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, அதில் சத்தம் பிடிக்கும் பிக்கப் இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, திண்டிவனத்தில் பஸ் ஏறி வந்து, எதை மாட்டுவது என்று என்னிடம் கேட்கப் போகிறாய். நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். படித்து முடித்ததும் எஸ்தரிடம் கொடு. உன் மனைவிக்குத் தெரியக் கூடாதது எதுவும் இதில் இல்லை. உனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுகூட எனக்குச் சந்தேகம். வேறு யார் கையில் கிடைத்துப் படித்தாலும் பரவாயில்லை. வெட்கப்பட வேண்டியதையெல்லாம் நான் நேற்றே வெட்கப்பட்டு முடித்துவிட்டேன்.

போன வியாழக்கிழமையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை. மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நம்பிக் காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் உடம்பு முழுக்க ஒரு குலுக்கல் வருமே, அது வந்தது, இன்னும் நிற்கவில்லை. எழுதினால் நிற்குமா என்று பார்க்கிறேன்.

அந்தக் கிட்டாரை நீ புதுச்சேரியில் வாங்கி வந்த நாளிலிருந்து அதன் மேல் ஒரே புகார்தான். வாசிப்பில் குறை இல்லை, சத்தம் குத்துகிறது. தணிகாசலம் மாஸ்டர் உன்னைத் தன் மெல்லிசைக் குழுவில் சேர்த்துக்கொண்டபோதே சொன்னதாக நீ வந்து சொன்னாய். "விரலு நல்லா ஓடுது தம்பி. சத்தம்தான் தகரத்துல ஆணி இழுக்கிற மாதிரி கீது. அத்த கொஞ்சம் அடக்கிக்கினு வா." நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். மண்டியில் மல்லாட்டை மூட்டைக்கு ஏலம் கத்தி வளர்ந்த குடும்பத்துக் காதுக்குக் கிட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்றும் சொன்னேன். நீ கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை. அரிசி மில்லில் கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டு அந்தக் குழுவில் சேர்ந்தவன் நீ. அந்த இடம் போனால் திரும்ப மில்லுக்குத்தான் போக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அதனால்தான் நீ அந்தக் கிட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாய். நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியும்வரை நான் உன்னை விட்டதில்லை. புரியாத காரியத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. பிக்கப் என்பது காந்தத்தின் மேல் தலைமயிரைவிட மெலிந்த செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றியது, மேலே தந்தி அதிர்ந்தால் அதை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது என்று நீ சொன்னாய். கம்பிச் சுற்று குறைவாக இருந்தால் சத்தம் கூர்மையாக வரும், கூடுதலாக இருந்தால் தடித்து வரும் என்றாய். முதலில் டோன் திருகைக் குறைத்துப் பார்த்தாய். மொத்தக் கிட்டாரும் ஜமுக்காளம் போர்த்திக்கொண்டது என்றாய். அப்புறம் திருப்புளியால் பிக்கப்பைத் தந்திகளிலிருந்து கீழே இறக்கினாய். வால்யூம் கன்ட்ரோலை மாற்றி அதைவிடச் சின்ன அளவில் ஒன்றைப் பற்றவைத்தாய். டோன் திருகோடு சேர்ந்திருக்கும் கண்டென்சரை மாற்றினாய். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உதவியது, குத்தல் முழுக்கப் போகவில்லை என்றாய். கடைசியில் நீ செய்ததைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. கிட்டாரில் இருக்கும் மூன்று பிக்கப்பில் குத்துவது ஓரத்தில் இருப்பது; நடுவில் இருப்பதை நீ வாசிக்கும்போது தொடுவதே இல்லை. அதைக் கழற்றி, பழைய கம்பியை உருவிவிட்டு, பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடையில் மெஷினை இரவல் கேட்டு, அதைவிட மெலிந்த கம்பியில் முன்னைவிட அதிகச் சுற்று நீயே சுற்றினாய். இரண்டு முறை கம்பி அறுந்தது. மூன்றாம் முறை அறவில்லை.

இப்போது உன்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று, கிட்டாரோடு வந்த பழைய பிக்கப். இன்னொன்று, நீ சுற்றியது. இரண்டும் ஒரே அளவு என்பதால், குத்துகிற அந்த ஓர இடத்தில் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய நீயும் எஸ்தரும் விழுப்புரம் வந்தீர்கள். மாஸ்டரிடம் போகவில்லை, உன் கூட்டாளிகளிடம் போகவில்லை, என்னிடம் வந்தாய். அதை நான் இயல்பு என்று நினைத்தேன்.

அது இயல்பாக ஆன கதை உனக்குத் தெரியும், எஸ்தருக்குத் தெரியாது. நீ சின்னப் பையனாக இருந்தபோது நம் கோயிலுக்கு ஒரு புது ஆர்மோனியப் பெட்டி வந்தது, காலால் மிதித்து வாசிப்பது. திறந்து வைத்த அன்றே நான், மேல் ஸ்தாயியில் ஒரு கட்டைக்கு மட்டும் சுதி இறங்கியிருக்கிறது என்றேன். பங்குச் சாமியார் இல்லை என்றார், பாடகர் குழு முழுக்க இல்லை என்றது, ரயில்வேயிலிருந்து டூட்டி முடித்து வந்து அடிக்குரலில் பாடும் உன் அப்பாவும் இல்லை என்றார். சென்னையிலிருந்து ஆள் வந்து பிரித்துப் பார்த்து, அந்த ஒரு கட்டைதான் என்றான். அன்றிலிருந்து நம் வீட்டில் என் காதுக்கு மேல் ஒரு காது கிடையாது. உன் அப்பா ஒரு வரி பாடிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்; நான் தலையை அசைத்தால்தான் அடுத்த வரி. கான்வென்ட்டில் எனக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த சிஸ்டர், வாசிப்பவரைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் கேட்க வேண்டும் என்பார். அதையும் நான் விட்டதில்லை.

அன்று மத்தியானமும் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நீ முதலில் ஒன்றை மாட்டி வாசித்தாய். பிறகு சால்டரிங் வாசனை வந்தது, இன்னொன்றை மாட்டி அதே வரியை வாசித்தாய். எஸ்தர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் சொன்னாள்.

"மொதல்ல வாசிச்சது இன்னும் குத்துதுங்க அத்தை. ரெண்டாவதுதான் எதமா இருக்குது."

"எஸ்தர், நீ எத்தனை வருஷம் சங்கீதம் படிச்ச?"

"படிக்கலீங்க அத்தை."

"அப்ப அரிசியப் பாரு."

முதலில் வாசித்ததுதான் சரி என்றேன். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, கழுவி வைத்த தம்ளர் மாதிரி இருக்கிறது என்றேன். இரண்டாவது நமத்துப்போன அப்பளம் என்றேன். திரும்பிப் பார்த்தால், முதலாவது கிட்டாரோடு வந்த பழைய பிக்கப். நமத்த அப்பளம் நீ சுற்றியது. நீ அதைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாய். பிறகு எஸ்தரிடம், "அம்மா தீர்ப்பு சொல்லியாச்சு. நம்ம வூட்ல இதுக்கு மேல அப்பீல் கெடையாது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே பழையதைத் திரும்பப் பற்றவைத்தாய்.

இனி வியாழக்கிழமை. திண்டிவனம் கல்யாண மண்டபத்தில் வரவேற்பு, மாஸ்டரின் கச்சேரி. நீ என்னையும் எஸ்தரையும் முன்வரிசையில் உட்கார வைத்தாய். மூன்றாவது பாட்டில் நடுவே உனக்குத் தனியாக வாசிக்க இடம் வந்தது. அருள், நான் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. அவ்வளவு இனிமையாக நீ வாசித்து நான் கேட்டதே இல்லை. கூர்மை எங்கும் இல்லை, உருண்டு உருண்டு வந்தது. உன் அப்பா இருந்து இதைக் கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே, மற்றவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று பெருமையோடு வலது பக்கம் திரும்பினேன்.

பக்கத்தில் இருந்த பெரியவர் தோள் துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மடியில் இருந்த குழந்தையின் காது இரண்டையும் உள்ளங்கையால் மூடியிருந்தாள். குழந்தை வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விரலைக் காதில் வைத்திருந்தார்கள். மேடையில் பாட வந்த பெண் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து டிரம்ஸ் வரைக்கும் போய்விட்டாள். மாஸ்டர் உன்னைப் பார்த்துக் கையைக் கீழே கீழே என்று அமர்த்திக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எவ்வளவு மரியாதை இல்லாத ஜனங்கள், ஒருவன் உயிரைக் கொடுத்து வாசிக்கும்போது இப்படியா என்று எஸ்தரிடம் சொல்லலாம் என்று இடது பக்கம் திரும்பினேன். எஸ்தர் மேடையைப் பார்த்துப் புன்னகையோடு இருந்தாள். வலது கை கம்மலைத் திருகுவதுபோல் காதருகே இருந்தது. கம்மலைத் திருகவில்லை. ஒரு விரல் காதுக்குள் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எடுத்த உடனே அவள் கண் இரண்டும் சுருங்கின.

அந்தப் புன்னகையோடு சுருங்கிய கண்ணைப் பார்த்தபோதுதான் படி இல்லாத இடத்தில் கால் வைத்தேன். மண்டபம் முழுக்க ஒரு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. அது எனக்கு வரவில்லை. நான் கேட்டது வேறு கிட்டார்.

கச்சேரி முடிந்ததும் பந்திப் பக்கத்தில் மாஸ்டர் உன்னைப் பிடித்துக்கொண்டபோது நான் தூண் ஓரமாக நின்றிருந்தேன். "அருளு, நீ கிட்டாரா வாசிச்ச? ரம்பம் போட்டுக்கினு இருந்த. பொண்ணோட அப்பன் வந்து என் கையப் புடிச்சிக்கினு கேக்கறாரு, அந்தத் தம்பிய ஜல்தி வூட்டுக்கு அனுப்ப முடியுமான்னு. அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம ரிகர்சல். ஒரே ஒரு தபா கேப்பேன். இதே சத்தம்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன், நீ மில்லு கணக்கப் பாத்துக்க."

நீ சொன்னாய், "ஆம்ப்ளிஃபயர் சரியில்ல மாஸ்டர். இது எங்க அம்மா கேட்டு ஓகே சொன்ன சவுண்டு."

அவர் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதில் கேலி இல்லை. "அம்மா சொன்னாங்களா" என்றார், அவ்வளவுதான், குரல்கூட இறங்கிவிட்டது. அவர் கேலி செய்திருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். பஸ் ஏற்றிவிட வந்தபோது நீ, "ரிகர்சலுக்கு மொத நாளு சனிக்கெழம ரெண்டையும் எடுத்துக்கினு வர்றேம்மா. இன்னொரு தடவ கேட்டுச் சொல்லுங்க. அப்புறம் ஒரேயடியா பத்தவச்சிட்றேன்" என்றாய். நான் சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக யோசித்தேன், ஒவ்வொன்றும் திடுக்கிட வைத்தது. இந்தத் தெருவில் கொசு இல்லாமல் போய் வெகு நாளாகிறது என்று நம்பி, நகராட்சி மேஸ்திரியைத் தெருவில் நிறுத்திப் பாராட்டினேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்துக்கொள்கிறேன். கையைப் பார்த்தேன், கடித்த தடிப்புகள் அப்படியே இருக்கின்றன, ரீங்காரம்தான் போயிருக்கிறது. உங்கள் கல்யாணம் ஆன புதிதில் எஸ்தரை, ஏன் பூனை மாதிரி பின்னால் வந்து நிற்கிறாய் என்று அதட்டினேன். "கொலுசு போட்டுக்கினுதானே இருக்கேன் அத்தை" என்றாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. என்னிடம் இங்கிலீஷ் டியூஷன் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணை, கடைசி எழுத்தை விழுங்குகிறாய் என்று புக்ஸ், புக்ஸ் என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சொல்ல வைத்தேன். "சொல்லிக்கினுதான் இருக்கேன் டீச்சர்" என்று அழுதாள். சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நேற்று யாரிடமும் சொல்லாமல் புதுச்சேரி போய்க் காது டாக்டரைப் பார்த்தேன். காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார். முதலில் தாழ்ந்த சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். "மெஷின் நின்னு போச்சு டாக்டர், பாருங்க" என்றேன். அவர் அதைக் கழற்றி நர்ஸ் பெண் காதில் மாட்டினார். அவள் பட்டனை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வயசாச்சுன்னா மேல இருக்கிற சத்தம்தாம்மா மொதல்ல போவும்," என்றார் டாக்டர். "கீழ இருக்கிறது நிக்கும். மத்தவங்களுக்கு ஊசியா குத்தறது உங்களுக்கு வந்தே சேராது."

"எத்தனை வருஷமா?"

"சொல்ல முடியாதும்மா. கொஞ்சம் கொஞ்சமா போவும். போறவங்களுக்குத் தெரியாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். விசிலை வாயில் வைக்கிறார், கன்னம் உப்புகிறது, பஸ் நிற்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

ஆக, ஆம்ப்ளிஃபயர் மேல் பழி போடாதே. அதில் குற்றம் இல்லை. அந்தப் பிக்கப் உள்ளபடியே குத்துகிறது. அதன் கூர்மை என் காதுக்கு வருவதற்குள் உதிர்ந்துபோகிறது, அதனால் எனக்கு அது அளவாக இருக்கிறது. நீ சுற்றியதில் கூர்மையை நீயே குறைத்துவிட்டாய், மிச்சத்தை என் காது தின்றுவிட்டது, அதனால் அது எனக்கு நமத்துப்போயிற்று. நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நேர்மையாகத்தான் கேட்டேன். நேர்மையாகக் கேட்டுத் தவறானதைத் தேர்ந்து கொடுத்தேன். சனிக்கிழமை நீ வந்தால், மறுபடியும் அதையேதான் தேர்ந்து கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை உன் இடம் போய்விடும்.

ஆனால் என் காதைவிட எனக்கு அதிர்ச்சியாக இருப்பது இன்னொன்று. கிழவியின் காது போவது உலகத்தில் நடப்பதுதான். நான்தான் எனக்கு நடக்காது என்று இருந்தேன். உன் காதுக்கு என்ன வந்தது? நீ கேட்டாய், அருள். அன்று மத்தியானம் அந்தப் பழைய பிக்கப் குத்துவது உனக்குக் கேட்டது. கேட்காமலா கம்பி அறுந்து அறுந்து இன்னொன்றைச் சுற்றினாய்? உன் மனைவிக்குக் கேட்டது, அவள் வாயைத் திறந்து சொன்னாள். உனக்குக் கேட்டது, நீ சிரித்துக்கொண்டு பற்றவைத்தாய். வியாழக்கிழமை மேடையில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் நின்றவன் நீ. அது உன் பல்லைக் கூசவைத்திருக்கும். அப்போதும் அம்மா சொன்ன சவுண்டு என்கிறாய். கேட்கிற காது உள்ளவன், கேட்காத காதிடம் உத்தரவு கேட்டு, தான் கேட்டதை இல்லை என்று நம்பியிருக்கிறாய். இப்படி ஒரு பிள்ளையை நான் வளர்த்திருக்கிறேன். நீ என்னை மதித்தாய் என்று சொல்வாய். மதிப்பு என்பது என் சாப்பாட்டை விசாரிப்பது, மழை பெய்தால் ஜன்னலைச் சாத்துவது. உன் காதைக் கழற்றி என்னிடம் கொடுப்பது மதிப்பு இல்லை. உன் அப்பாவும் அப்படித்தான் கொடுத்தார். பாவம், நன்றாகப் பாடுகிறவர். நான் தலையை அசைக்கக் காத்திருந்தே பாதிப் பாட்டைத் தொலைத்தார்.

எதை மாட்டுவது என்று சொல்ல மாட்டேன். எப்படிக் கேட்பது என்று சொல்ல எனக்கு இன்னும் தகுதி இருக்கிறது, அதைக் கேள். வீட்டு அறையில் வைத்துக் கேட்காதே. அறையில் சின்னதாக வைத்தால் எல்லாம் இனிக்கும். ரிகர்சல் நடக்கிற கூடத்துக்கே போய், கச்சேரிக்கு வைக்கிற அளவுக்கு வால்யூம் வைத்துக் கேள். கிட்டாரை உன் கூட்டாளி யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, நீ போய் ஜனங்கள் உட்காரும் இடத்தில், ஆம்ப்ளிஃபயர் நேராகக் காதைப் பார்க்கிற இடத்தில் உட்கார். பக்கத்தில் நின்று வாசிக்கிறவனுக்குப் பல் கூசினாலும், தரையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் முழுச் சத்தத்தையும் அவன் முழங்காலுக்குத்தான் கொடுக்கும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. பிக்கப்பை மாற்றும்போது கண்டென்சரைத் தொடாதே. பாடுகிற பெண்ணையும் கூடப் பாடச் சொல். தனியாகக் குத்தாதது குரலோடு சேர்ந்தால் குத்தும். எஸ்தரைப் பக்கத்தில் உட்கார வை. அவள் சங்கீதம் படிக்கவில்லை என்று நான் சொன்னதற்கு அவளிடம் நானே நேரில் பேசிக்கொள்கிறேன்; அதை நீ என் சார்பில் செய்யாதே. அவள் ஒன்றைச் சொல்லி நீ வேறொன்றைக் கேட்டால், நீ கேட்டதை வைத்துக்கொள். அவளையும் இன்னொரு அம்மாவாக ஆக்கிவிடாதே.

கோயிலில் நான் நடத்திவரும் பாடகர் குழுவை இனி வேறு யாராவது பார்க்கட்டும் என்று பங்குச் சாமியாரிடம் இந்த வாரமே சொல்லிவிடுவேன். காரணத்தையும் சொல்லுவேன். டியூஷன் பெண்ணின் அம்மாவிடம் இன்று காலையே சொல்லிவிட்டேன். அவள், "எங்களுக்குத் தெரியும் டீச்சர், சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு இருந்தோம்" என்றாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. சுதி பேதம் சொல்கிறவளிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன். நான் வந்தால் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாய். மாஸ்டர் முகத்தையும் பார்க்காதே. அவர் சொல்ல வேண்டியதை அவரே சொல்வார். வாசித்து முடித்த அன்றே எனக்கு எழுது. இடம் நிற்கிறதா போயிற்றா என்பதைக் கடைசியில் எழுது. முதலில் எந்தப் பிக்கப்பை வைத்தாய், அது எப்படி ஒலித்தது என்பதை எழுது. எனக்கு அதைச் சரிபார்க்க வழி இல்லை. நீ எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்வேன்.

உன் அம்மா